கடுகி மெழுகிய சுவர்

கையில்லாத ஆள், தன்னைவிடப் பெரிய மூட்டையைச் சுமப்பாள். யார் அவள், சொல்லுங்கள் பார்க்கலாம்?

எறும்புதான். எறும்புகள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு புற்றில் கடுகி என்றொரு சின்ன எறும்பு இருந்தாள்.

அந்தப் புற்றின் வாசலில் ஈரக் களிமண் சுவர் ஒன்று உண்டு. யார் எங்கே வளை தோண்டினாலும், வந்து அந்தச் சுவரில் ஒரு கோடு கீற வேண்டும். உள்ளே ஒரே இருட்டு. சுவரைக் காலால் தடவிப் பார்த்துத்தான் எல்லோரும் வழி அறிவார்கள். வழியை யாரும் மனதில் வைத்துக்கொள்வதில்லை. அதற்குத்தான் சுவர் இருக்கிறதே.

தூரத்தில் தோண்டப் போகிறவர்கள் சுவர்மேல் களிமண்ணை அப்பி, வழி பார்க்க ஓர் அச்சு எடுத்துப் போவார்கள். கடுகிக்குக் கிழக்கே தானிய அறை தோண்டும் வேலை. அதுதான் அவளுடைய முதல் வேலை. அச்சு எடுத்துக்கொண்டு போனவள், பல நாள் தோண்டினாள். தோண்டியதையெல்லாம் தன் அச்சில் மட்டும் சேர்த்துக்கொண்டாள். வாசல் பக்கமே வரவில்லை.

ஒருநாள் வழியில் மூக்காயி எதிர்ப்பட்டாள். முட்டைகளைப் பார்த்துக்கொள்பவள் அவள்.

"ஏ கடுகி, ஒருதரம் போய்ச் சுவரைத் தடவிட்டு வா. நீ போனப்புறம் என்னென்னவோ மாறிடுச்சு."

"என் அச்சுதான் இருக்கேக்கா. அந்தக் கூட்டத்துல நின்னா கால் வலிக்கும்."

"ஆறு கால் இருந்துமா?" என்று சிரித்துவிட்டு, தானியம் தேடும் கூட்டத்தோடு மூக்காயி வயலுக்குப் போனாள்.

வேலை முடிந்து கடுகி வாசலுக்கு வந்தாள். அச்சைச் சுவரில் வைத்தாள். பொருந்தவில்லை. சுவரில் அவள் அறியாத கோடுகள் இருந்தன. யாரோ கிறுக்கி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். யார் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சுவரை வழவழவென்று மெழுகிவிட்டு, தன் அச்சை வைத்துப் பலம்கொண்ட மட்டும் அழுத்தினாள். இப்போது பொருந்தியது.

அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் வாசலைத் தாண்டியது. முட்டை தூக்குகிறவர்கள் சுவரைத் தடவிவிட்டு முட்டை அறைக்கு ஓடினார்கள். அறை காலி. திரும்பி வந்து மறுபடி தடவினார்கள். சுவர் அதே அறையைத்தான் காட்டியது. மேற்கே மூக்காயி புதிதாக ஓர் அறை தோண்டி, முட்டைகளை அங்கே மாற்றியிருந்தாள். அந்த அறை இப்போது சுவரில் இல்லை.

மழை விட்ட பிறகு மூக்காயி வந்தாள். சுவரைத் தடவினாள்.

"என் கோடு எங்கடி?"

"அது உன் கோடுன்னு எனக்குத் தெரியாதுக்கா."

மூக்காயி மேற்கு அறைக்குப் போய், ஊறிப்போன முட்டைகளை ஒவ்வொன்றாக வெயிலில் கொண்டுவந்து வைத்தாள். ஒன்றுகூடப் பொரியவில்லை.

வேறு சுவர் எழுப்பலாம் என்றார்கள் மற்றவர்கள். அழித்த கடுகியே அதில் முதல் கோட்டைக் கீறட்டும் என்றார்கள். கடுகி கீறவில்லை. வாசலில் போய் நின்றாள். உள்ளே வந்த ஒவ்வொருத்தியையும் நிறுத்தி, முகத்தோடு முகம் வைத்து, "நீ எங்கே தோண்டினே?" என்று கேட்டாள்.

எறும்புகளின் வாய்ப்பேச்சு பிறகு எப்போதோ நின்றுபோயிற்று. எவ்வளவு பாரம் சுமந்தாலும், எதிரே வருபவளின் முகத்தை ஒரு கணம் தொட்டுவிட்டு நகரும் வழக்கம் அன்று தொடங்கியது; அது மட்டும் இன்னும் இருக்கிறது.