கரடியார் தலைமையில் ஒரு தீ விசாரணை

ஒரு காட்டில், குழந்தைகளே, மரங்களைவிட அபிப்பிராயங்கள் அதிகமாக வளர்ந்திருந்தன.

போன கோடையில் வந்த தீதான் எல்லாவற்றுக்கும் காரணம். மேற்குச் சரிவை எரித்துவிட்டு, கணவாய் வரை வந்தது. அங்கே ஒரு மழை பிடித்ததால் நின்றது. தீ எப்படி வந்தது என்று கண்டுபிடிக்கக் கரடி தலைமையில் சபை கூடியது. மழைக்காலம் போய், பனிக்காலம் போய், அடுத்த கோடை எட்டிப் பார்த்தபோதும் அது கூடிக்கொண்டே இருந்தது.

"வெயில்!" என்றது மயில். அதற்குத் தற்பெருமை அதிகம். "முன்பெல்லாம் இந்த மாதத்தில் ஓடையில் குனிந்து என் அழகைப் பார்ப்பேன். இப்போது ஓடையே இல்லை. காற்று கொதிக்கிறது. காடு எரியாமல் குளிரவா செய்யும்?"

"புல்!" என்றது காட்டெருமை. பிடிவாதத்தில் அதை மிஞ்ச ஆளில்லை. "எங்கள் கூட்டத்தைக் கணவாய்ப் பக்கம் மேயவிட்டீர்களா? மான்கள் பயப்படுகின்றன என்றீர்கள். இப்போது புல் என் கொம்பு உயரம் நிற்கிறது. நன்றாக வளர்த்துக்கொள்ளுங்கள்!"

"ஆள்!" என்றது நரி. சொந்த நிழலையே சந்தேகப்படும் பிராணி அது. "யாரோ வைத்திருக்கிறார்கள். யார் என்று இப்போது சொல்லமாட்டேன். குரங்கு என்று வைத்துக்கொள்ளுங்களேன்."

கரடி கொட்டாவி விட்டது. "மூன்றும் கனமான வாதங்கள். தீ வந்து நின்ற கணவாய்தான் முக்கியமான தடயம். முடிவு தெரியும்வரை அங்கே ஒரு சருகைக்கூட யாரும் தொடக்கூடாது. இலுப்பைப் பூ உதிர்ந்து முடிந்ததும் மீண்டும் கூடுவோம்."

கடைசி வரிசையில் இருந்த கௌதாரி கிழக்கே திரும்பிப் பார்த்தது. கணவாய்க்குக் கிழக்கே, புல்தரையில் ஒரு சிறு குழியில், அதன் ஆறு முட்டைகள் இருந்தன. அவற்றுக்கு இன்னும் காலும் இல்லை, சிறகும் இல்லை. இலுப்பைப் பூ உதிரும்வரை தீ காத்திருக்குமா?

மூவர் சொல்வதிலும் உண்மை இருப்பது கௌதாரிக்குத் தெரியும். போன வருடத்தைவிடச் சீக்கிரமாகவே புல் காய்ந்துவிட்டது. கணவாயில் சருகு முழங்கால் ஆழம் கிடந்தது. ஒரு பொறி விழுந்தால் போதும். ஆனால் அதைச் சொன்னால் மூவருக்கும் கோபம் வரும். நாலாவது கட்சி என்று இன்னொரு மாதம் பேசுவார்கள்.

ஆகவே அது காட்டெருமையிடம் போனது.

"அண்ணே, மேய்ந்த இடமும் எரியத்தான் செய்யும் என்கிறார் மயிலார். உங்கள் வாதம் வாதமே இல்லையாம், வெறும் பசியாம்."

"பசியா?" காட்டெருமையின் மூக்கிலிருந்து புகை வராததுதான் குறை. "கணவாயில் அகலமாக ஒரு பட்டை மேய்ந்து காட்டுகிறேன். அது எரியட்டும், பார்க்கலாம்!"

அடுத்து மயிலிடம் போனது.

"மயிலாரே, எருமையண்ணன் மேயப் போகிறார். அந்த இடம் எரிந்தால் நீங்கள் ஜெயித்தீர்கள். ஆனால் ஒரே ஒரு சருகு மிச்சம் இருந்தாலும் போதும், அதனால்தான் எரிந்தது என்று சாதிப்பார்."

"சருகா? ஒன்றுகூட இருக்காது!" என்றது மயில்.

கடைசியாக நரி. அதனிடம் மட்டும் கௌதாரி கொஞ்சம் தள்ளி நின்றே பேசியது. முட்டையைப் பற்றி மூச்சு விடவில்லை.

"நரியண்ணே, தீ வைக்க வருகிறவன் கணவாய் வழியாகத்தானே வரவேண்டும்? பொடி மண்ணாக இருந்தால் காலடி அப்படியே பதியுமே."

"இதை நானே யோசித்து வைத்திருந்தேன்" என்றது நரி.

மூவரும் கரடியிடம் போய், "இது சோதனை" என்றார்கள்.

"சோதனை என்றால் சரி. எனக்கு இலுப்பை மரத்தடியில் பூப் பொறுக்கித் தின்னும் வேலை இருக்கிறது" என்று கரடி போய்விட்டது.

எருமைக் கூட்டம் மேய்ந்தது. மயில் தோகையால் கூட்டிப் பெருக்கியது. நரி மண்ணைக் கிளறிப் பொடியாக்கியது. மூவரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டேதான் செய்தார்கள். ஆனாலும் கணவாயின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வெறும் மண் பட்டை ஒன்று விழுந்தது.

அது முடிந்த மறுநாள் உச்சிவேளையில், மேற்கிலிருந்து தீ வந்தது. எப்படி வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. சீறிக்கொண்டு பட்டைவரை வந்து, தின்ன எதுவும் இல்லாமல் தலை குனிந்தது.

"எங்கே எரிந்தது?" என்று கத்தியது காட்டெருமை.

அதே நேரம், சூடான காற்றில் ஒரு பொறி பட்டையைத் தாண்டிப் பறந்து கிழக்குப் புல்லில் விழுந்தது.

"பார்த்தாயா! காற்று! நான் சொன்ன காற்று!" என்று குதித்தது மயில்.

"அது விழுந்தது மேயாத புல்லில்!" என்றது காட்டெருமை.

புல் புகைந்தது. முட்டைகளுக்கும் புகைக்கும் நடுவே கௌதாரி சிறகை விரித்து நின்றது.

"முதலில் அணையுங்கள்! ஜெயித்தவர் யார் என்று அப்புறம் பேசலாம்!"

காட்டெருமை ஓடி வந்து மிதித்தது. மயில் கால்களால் மண்ணை வாரி இறைத்தது. புகை அடங்கியது. உடனே இருவரும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள்.

சில நாள் கழித்துக் காலையில் நரி ஊளையிட்டுக் காட்டைக் கூட்டியது. பொடி மண்ணில் குட்டிக் குட்டியாகக் காலடிகள், இங்கும் அங்கும், எண்ணவே முடியவில்லை.

"குற்றவாளிகள் கும்பலாக வந்திருக்கிறார்கள்!" என்றது நரி.

"பயங்கரமான கும்பல், அண்ணே" என்றது கௌதாரி. "என் கண்ணால் பார்த்தேன். மேற்கே ஓடினார்கள். சீக்கிரம் போங்கள்."

நரி மேற்கே பாய்ந்தது. கௌதாரி தன் ஆறு குற்றவாளிகளையும் கூட்டிக்கொண்டு கிழக்கே நடந்தது.

நீதி: தீ ஏன் வந்தது என்பதில் ஒத்துப்போகாதவர்களும், அது வரும் வழியைச் சேர்ந்து பெருக்கலாம்.