தினம் ஒன்று வெளியே போன வீடு

பேட்டையில் புத்திசாலிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எனக்கொன்றும் சொல்வதற்கில்லை. நான் சொல்லப்போவது மாசானமுத்து வீட்டாரைப் பற்றி. மூத்தவர் மாசானமுத்து, அவர் மனைவி சொர்ணத்தாய், கல்யாணமே வேண்டாம் என்றுவிட்ட நடுத்தம்பி வெயிலுமுத்து, கடைசித் தம்பி பிச்சாண்டி. நால்வரும் தங்கமான மனுஷர்கள். யார் என்ன சொன்னாலும் அப்படியே செய்துவிடுவார்கள், அதுதான் வினையே.

பிச்சாண்டிக்கு நெற்றி மேலே ஏறிக்கொண்டே போனது, பெண் மட்டும் அமையவில்லை. ஆளில் குறையில்லை. வீட்டில்தான் உட்கார இடமில்லை. ஓடாத மிக்சி, கம்பி போன குடைகள், யார் யார் கல்யாணத்திலோ வாங்கிய தாம்பூலப் பைகள், காலி பெயின்ட் டப்பாக்கள் என்று வாசலிலிருந்து அடுக்களை வரைக்கும் சாமான்தான். கடைசியாக வந்த பெண் வீட்டார் தெருவில் நின்றே காபியைக் குடித்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிட்டார்கள். அன்றைக்குப் பிச்சாண்டி சாப்பிடவே இல்லை. கேள்விப்பட்ட எனக்கே பாவமாக இருந்தது.

தரகர் நம்பிராஜன் இன்னொரு வரன் கொண்டுவந்தார். வீரவநல்லூர் குற்றாலிங்கத்தின் ஒரே மகள் ஆவுடைத்தாய். போட்டோவில் பிச்சாண்டியைப் பெண்ணுக்குப் பிடித்துவிட்டதாம். ஐப்பசியில் அப்பாவும் மகளும் வீடு பார்க்க வருகிறார்களாம். இதையும் கோட்டை விட்டால் இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று தரகர் சொல்லிவிட்டார். போகிறபோது ஒரு வழியும் சொன்னார். மொத்தமாக நினைத்து மலைக்க வேண்டாம், தினம் ஒன்றை வெளியே அனுப்பினால் போதும், கொஞ்சங்கொஞ்சமாக இடம் வந்துவிடும். ஒரு வருஷமாகக் கை படாத சாமானை யோசிக்காமல் தூக்கிப் போடலாம்.

மறுநாள் காலையில் நால்வரும் கூடிப் பேசினார்கள். முதல் நாளே பெரிதாகப் போனால் கொஞ்சங்கொஞ்சமாக ஆகாதே என்று வெயிலுமுத்து எச்சரித்தான். கடைசியில் உடைந்த சட்டைப் பித்தான் ஒன்று முடிவாயிற்று. மாசானமுத்து அதை உள்ளங்கையில் ஏந்தித் தெருமுனை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, தலைக்குக் குளித்த பிறகே வீட்டுக்குள் வந்தார்.

அடுத்து மிக்சி. வெயிலுமுத்து அதைத் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாகப் போனான். தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் புறவாசல் வழியாக மிக்சியோடு வந்து சேர்ந்தான். அண்ணன் முறைத்தார்.

"வெளிய அனுப்பச் சொன்னாவ, அனுப்பியாச்சு. திரும்பி வரக் கூடாதுன்னு எப்பம் சொன்னாவ, அண்ணாச்சி?"

மாசானமுத்து யோசித்துப் பார்த்தார். சொல்லவில்லைதான். அன்றிலிருந்து தினம் ஒரு சாமான் காற்றாடப் போய்விட்டு வந்தது. தெருக்காரர்கள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் பழகிப்போய், நேற்று கிரைண்டரைக் காணோமே, அதற்கு உடம்புக்கு என்ன என்று அக்கறையாக விசாரித்தார்கள்.

கை படாத சாமான் விஷயம்தான் மாசானமுத்துவை உறுத்தியது. கை படாமல் கிடந்தால்தானே போடவேண்டும்? பல் தேய்த்த கையோடு பரணிலிருந்து கட்டிலடி வரைக்கும் ஒவ்வொரு சாமானாகத் தொட ஆரம்பித்தார். முடிய மத்தியானமாகும். எல்லாம் புழக்கத்தில் இருக்கிறது என்ற நிம்மதியோடு அப்பாடா என்று உட்காரப் போவார், இடம் இருக்காது, நின்றபடியே இளைப்பாறுவார்.

சொர்ணத்தாய் இவர்களைவிடக் கெட்டிக்காரி. அவள் கைவினை வகுப்பில் சேர்ந்தாள். உலகத்தில் குப்பை என்று எதுவுமே கிடையாது, எல்லாவற்றையும் அழகுப் பொருளாக்கலாம் என்று டீச்சர் சொன்னதைக் கேட்டு அவளுக்குப் புல்லரித்துவிட்டது. ஒரு கிழிந்த குடையைப் பூங்கொத்தாக்கினாள். அதற்கு ஒரு பை ரிப்பன், ஒரு பை பாசிமணி, ஒரு பை ஜிகினா வேண்டியிருந்தது. பெயின்ட் டப்பாக்கள் பூச்சாடிகளாயின. பெயின்ட் அடிக்கப் புதிதாகப் பெயின்ட் வாங்கினாள், அந்த டப்பாக்கள் காலியானதும் அவற்றையும் பூச்சாடியாக்க வேண்டியதாயிற்று. அதற்கு மறுபடி பெயின்ட். இந்த வேலைக்கு முடிவே இல்லை என்பது எனக்கும் உங்களுக்கும் தெரிகிறது, அவளுக்குத் தெரியவில்லை.

பிச்சாண்டி அண்ணியிடம் போய் நின்றான்.

"மைனி, ஐப்பசி பொறந்துட்டு. அவுக வந்தா எங்க உக்காருவாவ?"

"குப்பையா இருந்தாத்தான தம்பி எடத்தை அடைக்கும்? இது அம்புட்டும் பூச்சாடில்லா?"

அவனுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் கண் கலங்கிவிட்டது. வந்த வரன் மறுபடி பஸ் ஏறிவிட்டால் இந்த ஜென்மத்தில் தனக்குக் கல்யாணம் கிடையாது என்பது மட்டும் அந்த மனுஷனுக்கு நன்றாகப் புரிந்தது.

சொன்னபடி குற்றாலிங்கமும் மகளும் வந்தார்கள். வாசற்படியில் நின்று உள்ளே எட்டிப் பார்த்த ஆவுடைத்தாய், ஆளைப் பிடித்திருக்கிறது, வீட்டைத்தான் பிடிக்கவில்லை என்று அப்பாவிடம் பட்டென்று சொன்னாள். குற்றாலிங்கம் பெண்டாட்டி இல்லாதவர், பெரிய வீட்டில் மகளும் அவருமாக இருப்பவர். மாப்பிள்ளை என் வீட்டோடு வந்துவிடட்டும், அங்கே இடம் சும்மாதானே கிடக்கிறது என்றார். அந்த வார்த்தையை அவர் சொல்லியிருக்கக் கூடாது.

கார்த்திகையில் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. பிச்சாண்டி முகத்தில் அப்படியொரு சிரிப்பை யாரும் பார்த்ததில்லை. அவன் வீரவநல்லூருக்குப் போன அன்றே, அவன் படுத்திருந்த இடத்தில் மாசானமுத்து காலை நீட்டிப் பார்த்தார். தாராளமாக நீண்டது. இத்தனை நாள் எத்தனை சாமானை அனுப்பியும் இப்படி இடம் வந்ததில்லையே என்று அவருக்கு ஆச்சரியம்.

"ஏல, தரகர் தெனம் ஒண்ணுன்னுதான சொன்னாரு? நாமதான் அதைச் சாமான்னு நெனைச்சுட்டோம்."

மறுநாள் வெயிலுமுத்து வெளியே அனுப்பப்பட்டான், நேரே தம்பி வீட்டுக்குப் போனான். அதற்கு மறுநாள் மாசானமுத்து. கடைசியாகச் சொர்ணத்தாய் கதவைப் பூட்டிவிட்டு, ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள். வீடு நிஜமாகவே விசாலமாகத்தான் இருந்தது. சந்தோஷத்தோடு ரிப்பன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவளும் வீரவநல்லூர் பஸ்ஸில் ஏறினாள்.

சொர்ணத்தாய் அங்கேயும் கைவினையை விடவில்லை, பொங்கல் வருவதற்குள் குற்றாலிங்கத்தின் வீட்டில் கால் வைக்க இடமில்லை. சோபாவில் பூச்சாடி, கட்டிலில் பாசிமணி, பாத்ரூமில் ஜிகினா. குளித்துவிட்டு வந்த மனுஷர் மின்னினார். மகள் முகத்துக்காகப் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் மாசானமுத்துவைக் கூப்பிட்டார். நடக்கக்கூட வழியில்லை, சம்பந்தியே இதற்கு ஒரு முடிவு சொல்லவேண்டும் என்றார்.

"மலைக்காதீங்க சம்பந்தி. தெனம் ஒரு ஆளா வெளிய அனுப்புனாப் போதும், தன்னால எடம் வந்துரும். எங்க வீட்டுல பாத்தாச்சு."

குற்றாலிங்கத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாளைக்கே ஆரம்பித்துவிடுங்கள் என்று மாசானமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டார். நால்வரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, யார் முதலில் என்று வெகுநேரம் விவாதித்தார்கள். கதவு திறந்தபோது சொர்ணத்தாயின் கையில் குற்றாலிங்கத்தின் துணிப்பை, சுற்றிலும் ரிப்பன் கட்டித் தயாராக இருந்தது.

"நல்லா யோசிச்சுட்டோம் சம்பந்தி," என்றார் மாசானமுத்து. "இந்த வீட்டுல ரொம்ப நாளா இருக்கது நீங்கதான். மொதல்ல நீங்க கெளம்புங்க."