மூன்று பாய்மரங்கள்

கற்றாழைத் தீவில் ஒரு சொட்டு நல்ல தண்ணீர் கிடையாது. பாறையும் கற்றாழையும்தான். ஆனாலும் அது யார் கையில் இருக்கிறதோ, கடல்வழி அவன் கையில். ஆறு வருஷமாக எதிரியிடம் கிடந்தது.

அதைப் பிடிக்க ராஜாவின் கப்பல் தலைவன் எயினன் மூன்று முறை போனான். மூன்று முறையும் கப்பல் பாறையில் மோதி மூழ்கியது. ஒவ்வொரு தடவையும் நீந்தித்தான் கரை சேர்ந்தான். நாலாவதாக விடங்கன் போனான். ஒரே காலைப் பொழுது! இவன் பக்கத்தில் ஓர் ஆள்கூடச் சாகவில்லை, தீவு விழுந்துவிட்டது. ராஜா விடங்கனையே தீவுக்குத் தளபதியாக்கினார். எயினனுக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா? அந்தத் தீவுக்குத் தினமும் படகில் தண்ணீர்க் குடம் அனுப்புவது.

இருவரும் தாழையடிகளிடம் ஒன்றாகக் கடலும் போரும் கற்றவர்கள். அடிகள் எயினனைவிட நாலு வயது இளையவர்தான். ஆனால் அந்தக் கடலை அவர்போல் அறிந்தவர் இல்லை. எவனோ ஊர்பேர் தெரியாதவன் ஜெயித்திருந்தால் எயினன் பொறுத்துக்கொண்டிருப்பான். கூடப் படித்தவன் ஜெயித்தால் வயிறு எரியாதா? அவன் பெண்டாட்டியே சோறு போடும்போது, "விடங்கன் கெட்டிக்காரர்தான்" என்றாள். பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டான்.

மறுநாள் தண்ணீர்ப் படகு போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. "எதிர்க்காற்று" என்று ராஜாவுக்கு ஓலை அனுப்பினான், ஊரிலும் அதையே சொன்னான். காற்று நன்றாகத்தான் இருந்தது. எதிரிக் கப்பல்கள் திரும்பி வருவதாகப் பேச்சு. இன்னும் இரண்டு நாள் தண்ணீர் இல்லையென்றால் விடங்கன் தீவைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டியதுதான். வரட்டுமே! அப்போது ராஜா யாரைக் கூப்பிடுவார், பார்க்கலாம்.

மூன்றாம் நாள் உச்சி வெயிலில் குன்றேறி அடிகளிடம் போனான்.

"முதலில் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள் அடிகளே. நாக்கு ஒட்டிக்கொள்கிறது."

குடம் அடிகளின் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவர் கை நீட்டவில்லை.

"எதிர்க்காற்று அடிக்கிறதே" என்றார்.

எயினனுக்குச் சுருக்கென்றது. கீழே பார்த்தான். கரையில் படகுகள் குடங்களோடு வரிசையாக நின்றன. இங்கிருந்து எல்லாமே தெரிந்தது. தெரிந்தால் தெரியட்டும் என்று, கேட்க வந்ததைக் கேட்டான்.

"எனக்குச் சொல்லித் தராத எதை அவனுக்குச் சொல்லித் தந்தீர்கள்?"

"ஒன்றும் இல்லையே."

"ஒரே பந்தியில் உட்காரவைத்துவிட்டு, என் இலைக்கு உப்பு, அவன் இலைக்குப் பாயசமா?"

அடிகளுக்குச் சிரிப்பு வந்தது. "பாயசம் போட்டது நானில்லையப்பா. நீ."

"நானா?"

"கடல் வற்றும் நேரத்தில் தீவுப் பக்கம் பார்த்திருக்கிறாயா?"

தோற்று வந்த நாளிலிருந்து அந்தத் திசையில் எயினன் திரும்பியதே இல்லை. திரும்பினால் உடம்பு கூசும்.

"இப்போது வற்றுகிற நேரம்தான். பார்."

பார்த்தான். தீவுக்கு முன்னால் மூன்று பாய்மரங்கள் சாய்ந்தபடி தண்ணீருக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருந்தன. அவனுடைய கப்பல்கள்.

"விடங்கன் பத்து நாள் இங்கே உட்கார்ந்து அதைத்தான் பார்த்தான். 'எயினன் மோதிய இடமெல்லாம் பாறை. அதற்கு நடுவில்தான் வழி' என்றான். அப்படியே விட்டான் கப்பலை."

எயினன் துள்ளி எழுந்தான்.

"அப்படியென்றால் வழி காட்டியது நான்! முட்டி மோதியது நான், மாலை அவனுக்கா? அந்தத் தீவு என்னுடையது அடிகளே! இல்லை என்று சொல்லுங்கள் பார்க்கலாம்!"

"யார் இல்லை என்றது? உன்னுடையதுதான்."

இத்தனை நாளில் ஒருவர் வாயிலிருந்தும் அந்தச் சொல் வந்ததில்லை. எயினனுக்குக் கண் கலங்கிவிட்டது. தாகம்கூட மறந்துபோனது.

அடிகள் குடத்தை அவன் பக்கம் நகர்த்தினார்.

"உன் தீவு தண்ணீர் குடித்து இரண்டு நாளாகிறது, எயினா. இந்தா, நீ குடி."