ஆயிரத்து ஒன்பது வீரர்கள்

போரில் ஜெயித்து வந்த மிதப்பில் தாழைநாட்டு மன்னன் மானவேள் கொற்றவை சந்நிதியில் வாயை விட்டான். "தாயே, வரும் பௌர்ணமிக்குள் படைச் சத்தியம் செய்தவர்களில் ஒருவன்கூட விடுபடாமல், எல்லோரையும் சம வரிசைகளில் நிறுத்தி உன்னைக் கும்பிடுவேன். தவறினால் இந்த முடி எனக்கில்லை."

அந்த நாட்டில் படைச் சத்தியம் லேசுப்பட்டதல்ல. செய்தவன் சாகும்வரை வீரன். விலகவும் முடியாது, விலக்கவும் முடியாது. முடிசூடும் நாளில் அரசனும் அதே சத்தியத்தைச் செய்தால்தான் கிரீடம். புதியவர்கள் சத்தியம் செய்வது ஆண்டுக்கொரு நாள், அது போய்விட்டது. ஒற்றை வரிசையும் ஆகாது, அது தோற்ற படை நிற்கும் விதம்.

அரண்மனைக் கணிதன் இளநாகன் படையை எண்ணப் போனான். கடைசியில் நின்ற கொற்றன், போரில் வீட்டார் அனைவரையும் இழந்தவன், "ஐயா, என்னை விட்டுடாதீங்க. எனக்கு இருக்கறதே இந்தப் படை ஒண்ணுதான்" என்று சிரித்தான். தளபதி முதல் அவன்வரை ஆயிரத்து ஒன்பது பேர்.

இளநாகன் ஓலையில் கணக்குப் போட்டான். மூன்று மூன்றாக, ஏழு ஏழாக, பதின்மூன்று பதின்மூன்றாக வகுத்துப் பார்த்தான். முப்பத்தொன்று வரை போயும் ஒவ்வொரு முறையும் மிச்சம் நின்றது. அதற்கு மேல் பார்க்கத் தேவையில்லை என்பது அவனுக்குத் தெரியும். பகா எண்! எந்த ராஜாவின் ஆணைக்கும் அது மசியாது.

"அரசே, இது வகுபடாத எண்" என்றான்.

"இதைச் சொல்லவா உனக்குச் சோறு போடுகிறேன்? வழி சொல். இல்லையேல் நாளையே நாட்டை விட்டுப் போ!"

இளநாகனுக்கு இரண்டு வழி தெரிந்தது. ஒன்றைச் சொல்ல நாக்கு எழவில்லை. மற்றதைச் சொன்னான்: "ஒருவன் குறைந்தால், இருபத்தெட்டு பேராக முப்பத்தாறு வரிசை." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான், பாவி.

மன்னன் தளபதி வயமானைப் பார்த்தான். "கேட்க நாதியில்லாதவன் ஒருவன் இருக்கிறான்" என்றான் தளபதி.

மறுநாள் கொற்றனைப் பாம்பு கடித்துவிட்டதாகப் பேச்சு. பாம்பாம்! ஈட்டி முனையளவு பல் வைத்த பாம்பு.

வரிசைகள் நூல் பிடித்தாற்போல் நின்றன. மன்னன் குதிரைமேல் அமர்ந்து பார்த்துப் பூரித்தான். கணிதனுக்குப் பொன்னாடை போர்த்தினான்.

பார்வையால் ஆணையிட்ட மன்னன், குத்திய தளபதி, எண்ணைச் சொன்ன கணிதன்: கொற்றனின் சாவில் பெரும்பழி யாருக்கு? அந்த நேர்த்திக்கடனாவது நிறைவேறியதா?

விடை: நிறைவேறவில்லை. அரசனும் சத்தியம் செய்த வீரன்தானே! அவனையும் சேர்த்திருந்தால் ஆயிரத்துப் பத்து. நூற்றொரு பேராகப் பத்து வரிசை அழகாக நின்றிருக்கும். கொற்றனைக் கொன்ற பிறகு அரசனோடு எண்ணினால் மறுபடியும் அதே ஆயிரத்து ஒன்பது. விடுபட்டு நின்றவன் அரசன். மற்ற இருவருக்கும் இந்தக் கணக்கு புரியவில்லை; இளநாகனுக்கு முன்பே தெரியும். "குதிரையை விட்டு இறங்கி வரிசையில் நில்லுங்கள்" என்று சொல்லப் பயந்து ஓர் உயிரைக் கொடுத்தான், அதுவும் அடுத்தவன் உயிரை. பெரும்பழி அவனுக்குத்தான். அவனோ பொன்னாடையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, நன்றாகவே வாழ்ந்தான்.