அடியில் ஓரங்குலம்

எங்கள் ஆச்சிரமம் கனடாவில் இருக்கிறது. டொரன்டோவிலிருந்து வடக்கே வெகுதூரம் போகவேண்டும். ஆச்சிரமம் என்றதும் ஆலமரமும் மான்குட்டியும் தேடி வந்துவிடாதீர்கள். மேட்டில் ஒரு பழைய பண்ணைவீடு, பக்கத்தில் ஒரு கொட்டகை, பெருவீதியிலிருந்து ஏறிவரும், சரளைக்கல் கொட்டின நீளமான கிரவல் பாதை, அவ்வளவுதான். வருசத்தில் பாதி நாள் அந்தப் பாதை பனிக்குக் கீழே கிடக்கும்.

இங்கே குரு ஞானாம்பிகை அம்மையார். சமையல் நான், இராசமலர்.

அம்மையாருக்கு நாற்பது வயதுதான். அவரிடம் பாடம் கேட்க வந்து தங்கியிருக்கும் குலசிங்கத்தாருக்கு அறுபது தாண்டிவிட்டது. அவர் இவரை "அம்மா" என்பார். இவர் அவரை "அண்ணை" என்பார். புதிதாக வருகிறவர்கள் முதலில் குலசிங்கத்தார் காலில்தான் விழுவார்கள். அவர் பதறிப்போய் விலகுவார்.

குலசிங்கத்தார் காலம் முழுக்க கார்ச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் பரிசோதகராக இருந்தவர். பிழை பிடிப்பதற்குச் சம்பளம் வாங்கிய மனுசன். ஓய்வு எடுத்த பிறகு அதே வேலையைச் சம்பளமில்லாமல் பார்த்தார். என் தேங்காய்ப்பால் சொதியில் உப்பு ஒரு சொட்டுக் கூடினாலும் கரண்டியை வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் நல்ல மனுசன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை அவருக்கு ஒரு தொலைபேசி வந்தது. தம்பி பரமலிங்கம்.

அண்ணனும் தம்பியும் கதைக்காமல் விட்டது தாயின் செத்தவீட்டோடு. இவர் ஊருக்குப் போய்க் கொள்ளி வைத்தார். தம்பி போகவில்லை. ஏன் வரவில்லை என்று இவர் கேட்டார். கேட்ட விதம் எப்படியோ, அவன் தொலைபேசியை வைத்தவன் வைத்தவன்தான். இத்தனை வருசத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் எடுக்கிறான். அதுவும் ஒரே ஒரு கதை.

"நாளைக்குக் காலமை அந்தப் பக்கத்தால போறன். பாதை சரியெண்டால் ஏறி வருவன்."

பாதை சரியில்லாவிட்டால்? அதை அவன் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. வெளியே விடியலிலிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்தது.

கொட்டகையில் ஒரு பெரிய பெட்டி பிரிக்காமல் கிடந்தது. அடியார் ஒருவர் கொடுத்த ஸ்னோ புளோவர். எங்களிடம் இருந்த சின்ன டிரக்டருக்குப் பின்னால் பூட்டுகிறது. பனியை வாயால் அள்ளி, மேலே உள்ள குழாயால் தூர எறியும் மெசின். குலசிங்கத்தார் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் கொட்டகைக்குப் போனார்.

மத்தியானம் நான் தேத்தண்ணி கொண்டுபோனபோது மெசின் பாதி உருவாகிவிட்டது. குழாயை அதன் வட்டத்தில் இருத்திவிட்டு, அதைத் திருப்புகிற கைபிடியைப் பூட்டிக்கொண்டிருந்தார். அம்மையார் ஒரு மரப்பெட்டியில் இருந்து நட்டுகளைத் தகரப்பேணியில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். தடித்த குளிர்ச் சட்டைக்குள் காவிச்சேலை. அந்தக் கோலத்தைப் பார்த்தால் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும்.

"அம்மா, ஒரு கேள்வி," என்றார் குலசிங்கத்தார், ஸ்பானரை விடாமல்.

"கேளுங்கோ அண்ணை."

"ஒருத்தரோட இருக்கிற மனத்தாங்கலை அடியோட வழிச்செடுக்காமல் மனம் சுத்தமாகுமோ?"

அம்மையார் ஒரு நட்டைத் தூக்கிக் காட்டினார். "இது எங்க போறது?"

"அது அந்தப் பக்கத்து ஓட்டைக்கு. நான் கேட்டது..."

"கேட்டது விளங்கிச்சுது. முதல் இதைப் பூட்டுங்கோ."

அவர் பூட்டினார். பூட்டிக்கொண்டே கதைத்தார்.

"நாளைக்கு அவன் வரட்டும். ஒண்டு விடமாட்டன். செத்தவீட்டில துடங்கி எல்லாத்தையும் கேப்பன். ஏன் வரேல்லை, ஏன் போனை வைச்சனி, பிறகு ஏன் ஒரு கடுதாசி இல்லை. எல்லாம் கேட்டு முடிச்சாப் பிறகுதான் சாப்பாடு."

"அப்ப என்ர புட்டு ஆறிப்போம்," என்றேன்.

"ஆறட்டும் தங்கச்சி. உள்ளுக்கு அழுக்கை வைச்சுக்கொண்டு ஒரே சாப்பாட்டுக் கோப்பையில தின்னேலுமோ?"

அம்மையார் அடுத்த நட்டை எடுத்து நீட்டினார். எனக்குத்தான் வாய் துருதுருத்தது. அடக்கிக்கொண்டேன்.

பிறகு டிரக்டரைப் பின்னால் எடுத்து வந்தார். டிரக்டரின் இரண்டு இரும்புக் கைகளையும் மெசினின் இரு பக்கத்திலும் கொழுவி, மேல் தண்டைப் பூட்டி, எஞ்சினின் சுழற்சியைக் கொண்டுபோகிற தண்டை இறுக்கித் தள்ளினார். "டிக்" என்று சத்தம் கேட்டது. அவர் முகத்தில் அன்றைக்கு முதல்தடவையாக ஒரு சந்தோசம்.

"எந்தப் பக்கம் பார்த்து ஓட்டுறது?" அம்மையாருக்கு உண்மையிலேயே அறிய ஆசை. ஒரு சின்னப்பிள்ளையின் ஆசை மாதிரி அது.

"பின்பக்கம் அம்மா. பின்னால போய்க்கொண்டுதான் வழிக்க வேணும்."

"கழுத்து நோகுமே."

"நோகும்தான். வேற வழியில்லை."

அம்மையார் மெசினைச் சுற்றி வந்தார். வாயின் இரு பக்கத்திலும் இருந்த இரண்டு இரும்புத் துண்டுகளைக் குனிந்து தொட்டுப் பார்த்தார். கால்தடம் மாதிரி வளைந்த துண்டுகள்.

"இது என்ன?"

"அதுக்கு ஷூ எண்டு பேர். கீழ இறக்கிவிட்டால் மெசின் அதில ஏறி நிக்கும், வாய் நிலத்தில முட்டாது. ஆனால் அடியில ஸ்னோ மிஞ்சிப்போம். அதுதான் நான் நல்லா மேல ஏத்திப் பூட்டிப்போட்டன். நிலம் தெரிய வழிக்கப்போறன்." அவர் கையைத் துடைத்தார். "எங்கட அம்மா முற்றம் கூட்டினால் விளக்குமாத்துக் கீறு தெரியும். ஒரு சருகு கிடவாது."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. முற்றம் கூட்டிப் பழகின ஆட்கள் நாங்கள். மண் தெரியாவிட்டால் கூட்டினதாகவே கணக்கில்லை.

அம்மையார் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஓட்டிப் பாருங்கோ," என்றார்.

நான் குசினிக்குத் திரும்பினேன். நாளைய புட்டுக்கு மாவை வறுத்து யன்னலோரம் தாம்பாளத்தில் பரப்பி வைத்திருந்தேன். டிரக்டர் உறுமுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் குழாயால் பனி வெள்ளை வெளேரென்று வளைந்து பறக்கிறது. அட, மனுசன் சாதிச்சிட்டார் என்று நினைத்தேன். தேத்தண்ணிக் கேத்திலை எடுக்க இந்தப் பக்கம் திரும்பினேன்.

கடகடவென்று ஒரு சத்தம். தகரத்தில் கல் கொட்டுகிற மாதிரி. அடுத்த நொடி என் குசினி யன்னல் உடைந்து உள்ளே விழுந்தது.

"ஐயோ கோதாரி!" என்று நான் கத்தினது பெருவீதிக்குக் கேட்டிருக்கும்.

மாவெல்லாம் கண்ணாடி. அதற்கு நடுவே கோழிமுட்டை அளவில் ஒரு கல். ஒரு நொடிக்கு முன் நான் நின்ற இடத்துக்கு நேரே.

குலசிங்கத்தார் டிரக்டரை நிற்பாட்டிவிட்டு ஓடிவந்தார். தொப்பியைக் காணவில்லை, முகத்தில் இரத்தமில்லை.

"தங்கச்சி! பட்டதோ? சொல்லும், பட்டதோ?"

"படேல்லை. பட்டிருந்தால் உங்களுக்கு இன்னொரு செத்தவீடு!"

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் பயந்த நேரத்தில் வாய் நிற்குமா? அவர் அப்படியே கதவு நிலையில் சாய்ந்துகொண்டார்.

அம்மையார் உள்ளே வந்து என்னை உச்சி முதல் கால்வரை தடவிப் பார்த்தார். கீறலும் இல்லை என்று கண்ட பிறகுதான் மூச்சு விட்டார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் வெளியே கூட்டிப்போனார்.

மெசின் போன தடம் கொட்டகையடியில் துடங்கி வீட்டருகே நின்றது. அங்கே பனி இல்லைத்தான். கிரவலும் இல்லை. சேறும் பள்ளமுமாகக் கிடந்தது. பக்கத்துப் பனிமேட்டில் கறுப்புக் கறுப்பாகக் கற்கள்.

குலசிங்கத்தார் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். உள்ளங்கையில் உருட்டினார்.

"இது பாதையின்ர கல்லு," என்றார்.

"ஓம்."

"நான் பாதையைத்தான் அள்ளி எறிஞ்சிருக்கிறன்."

"ஓம் அண்ணை."

"இப்பிடியே கீழவரைக்கும் போயிருந்தால் அவன்ர கார் ஏறாது. சேத்திலயே புதைஞ்சிருக்கும்."

அம்மையார் என் பக்கம் திரும்பினார். "மலரக்கா, காய் வெட்டுற பலகையைத் தாங்கோ."

"எந்தப் பலகை? என்ர பலகையோ? எதுக்கு?"

"தாங்கோவன்."

யன்னலும் போச்சு, மாவும் போச்சு, இனிப் பலகையும் போகட்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே கொண்டுவந்து கொடுத்தேன். ஓரங்குலக் கனமுள்ள நல்ல மேப்பிள் பலகை. அம்மையார் அதை மெசினின் வாய்க்குக் கீழே பனியில்லாத இடத்தில் வைத்தார்.

"இப்ப மெசினை இதுக்கு மேல இறக்குங்கோ."

அவர் இறக்கினார். வாய் பலகையில் உட்கார்ந்தது.

"அந்த ஷூவை இளக்குங்கோ. தானா நிலத்தில விழட்டும். விழுந்த இடத்தில இறுக்குங்கோ."

குலசிங்கத்தார் பனியில் முழந்தாளிட்டார். ஒரு பக்கம் இறுக்கினார், மற்றப் பக்கம் இறுக்கினார். மெசினை உயர்த்தி என் பலகையை எடுத்துத் தன் சட்டையில் துடைத்து எனக்குத் தந்தார். ஆனால் எழும்பவில்லை.

"அம்மா, அடியில ஒரு படை ஸ்னோ மிஞ்சுமே."

"மிஞ்சும்."

"பாக்கச் சகிக்காது. கூட்டாமல் விட்ட முற்றம் மாதிரி இருக்கும்."

"உங்கட தம்பி முற்றம் பாக்கவோ வாறார்?"

அவர் மெல்ல எழும்பி முழங்காலில் ஒட்டின பனியைத் தட்டினார்.

அன்று மாலை, மெசின் வந்த பெட்டியின் மட்டையை வெட்டி என் யன்னலுக்கு அவரே ஒட்டினார். ஒவ்வொரு மூலையையும் இரண்டு தடவை பார்த்தார். நான் புது மாவு வறுத்தேன்.  என் கோபம் போய்விட்டது. எப்போது போனது என்று எனக்கே தெரியவில்லை.

விடிந்தபோது பனி நின்றிருந்தது. குலசிங்கத்தார் கழுத்தைப் பின்னால் திருப்பியபடி மேட்டிலிருந்து கீழ்வரை போய், திரும்பி ஏறி, மறுபடி போனார். ஒரு கல் பறக்கவில்லை. பாதை வெள்ளையாகத்தான் கிடந்தது. ஆனால் டிரக்டர்ச் சில்லு ஏறின இடமெல்லாம் அந்த வெள்ளை நெரிந்து கட்டியாகிவிட்டது. பள்ளம் விழுந்த இடத்துக்கு, பனிமேட்டிலிருந்து கற்களைக் கையால் பொறுக்கிவந்து போட்டார்.

ஒரு சாம்பல்நிறக் கார் பெருவீதியில் வந்து, எங்கள் திருப்பத்தில் நின்றது. நின்றபடியே நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இவர் மேலே, அது கீழே.  வாவன்ரா, வாவன் என்று மனதுக்குள் கெஞ்சினேன். நான் அந்த மனுசனை முன்னப்பின்னே கண்டதுகூட இல்லை.

கதவு திறந்தது. இறங்கினவரும் தலை நரைத்த ஆள்தான். ஒரு காலால் பாதையை மிதித்துப் பார்த்தார். பிறகு மேலே பார்த்துக் கூப்பிட்டார்.

"அண்ணை! வழுக்குமோ?"

குலசிங்கத்தார் ஒரு கணம் நிலத்தைப் பார்த்தார். குரல் உடைந்துதான் வந்தது.

"இல்லையடா. அடியில கொஞ்சம் கிடக்கு. இறுகிப்போய்த்தான் கிடக்கு. மெல்ல வா."

கார் மெல்ல ஏறி வந்தது.

புட்டிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. அண்ணனும் தம்பியும் எதிரெதிரே இருந்தார்கள். பரமலிங்கம் குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"யன்னலுக்கு என்ன நடந்தது?"

குலசிங்கத்தார் என்னைப் பார்த்தார். "கொஞ்சம் ஆழமா வழிச்சுப்போட்டன்."

தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலையாட்டினார். இரண்டு வாய் சாப்பிட்டார். கை நின்றது.

"அண்ணை, நீங்கள் ஒண்டும் கேக்கேல்லை."

நான் அகப்பையோடு அப்படியே நின்றுவிட்டேன். குலசிங்கத்தார் சொதிச் சட்டியைக் கிட்ட இழுத்தார். நேற்று அடுக்கி வைத்த அத்தனை கேள்வியும் அங்கேதான் நின்றன. எனக்குத் தெரியும்.

"கேக்கிறன்தானே," என்றார். "சொதி விடட்டோ?"

பரமலிங்கம் அண்ணனைப் பார்த்தார். கண் கலங்கிப்போய்க் கோப்பையை நீட்டினார்.

கொஞ்சநேரத்தில் குலசிங்கத்தார் இன்னும் புட்டு எடுக்கக் குசினிக்கு வந்தார். அம்மையார் அடுப்பருகே கையைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். வெளியே வெயில் வந்துவிட்டது. பாதை பளபளத்தது.

"அம்மா," என்றார் அவர் மெல்லிய குரலில், "அது இன்னும் அடியில கிடக்குத்தானே. எப்ப போகும்?"

"அது பங்குனி வெயிலின்ர வேலை, அண்ணை. நீங்கள் புட்டைக் கொண்டுபோங்கோ, ஆறுது."