பாதி ஆறு வரை ஒரு பாலம்

"தாயே, என் பாலம் முடியவே மாட்டேங்குது" என்று அலுத்துக்கொண்டார் பூவலிங்கம்.

அவர் உப்பு வியாபாரி. குரு நாச்சியம்மைக்கு அவர் வயதில் பாதிகூட இருக்காது. வயதைப் பார்த்தா ஞானம் வருகிறது?

"எதுக்காகத் தொடங்கினீங்க?"

"அக்கரையில கட்டிக் கொடுத்த மகளுக்காகத்தான். மழைக்காலம் வந்தா ஓடம் போகாது. பாலம் இருந்தா அவளும் வந்து போவா, என் உப்பும் போகும்."

"அப்புறம்?"

"பாதி ஆறு வரைக்கும் வந்துச்சு. செலவுக்கு ஆகட்டுமேன்னு கூட்டாளிங்க பாலத்து மேலயே கடை போடச் சொன்னாங்க. கடைக்கு வர்றவங்களுக்கு நிழல் வேணுமே, பந்தல் போட்டோம். பிள்ளைங்களுக்கு ஊஞ்சல் கட்டினோம். இப்ப மண்டபம் எழும்பிக்கிட்டிருக்கு. ஓடம் ஓடுற மாசத்துலதான் கடைங்கள்ல கூட்டம் அலைமோதும், அதை விட்டுட்டு நான் அக்கரைக்கு எங்க போறது? மக முகத்தைப் பாத்தே மூணு வருஷமாச்சு, தாயே."

பாவம், பொய்யில்லாத வருத்தம்தான்.

நாச்சியம்மை எழுந்தார். "வாங்க, பாத்துட்டு வருவோம்."

அந்தி நேரம். ஆற்றின் மேல் பனி படர்ந்து தண்ணீரே தெரியவில்லை. பாலத்தில் மல்லிகை மணத்தது. சுண்டல் வாசம் வந்தது. ஊஞ்சல்கள் பனிக்குள் போய்ப் போய்த் திரும்பின. பாலம் எங்கே போகிறது என்று கேட்க அங்கே ஒருவருக்கும் நேரமில்லை.

இருவரும் பாலத்தின் நுனி வரை நடந்து, பாதி கட்டிய மண்டபத்தில் ஏறினார்கள்.

எதிரே, வெகுதூரத்தில், ஒரு சின்ன வெளிச்சம் மிதந்தது.

பூவலிங்கத்தின் முகம் மலர்ந்தது. "மண்டபம் கட்டுறதே இதுக்காகத்தான், தாயே! தினமும் அந்தியில தெரியும். இதைப் பாக்கவே வெளியூர்லேர்ந்து ஆளுங்க வர்றாங்க."

"யார் ஏத்துறாங்க?"

"யாருக்குத் தெரியும்? அழகா இருக்குல்ல?"

"போன சித்திரையில ஓடத்துல அக்கரைக்குப் போயிருந்தேன்" என்றார் நாச்சியம்மை. "உங்க மகதான் ஏத்துறா. பாலத்துக்குக் கல்லு வைக்கிறவங்க இருட்டுல தடுமாறிடக் கூடாதாம்."

பூவலிங்கத்தின் கண்ணீர் தாடிக்குள் இறங்கியது. அதைத் துடைக்கவும் தோன்றவில்லை அவருக்கு.

பிறகு கொத்தனாரைக் கூப்பிட்டு, மண்டபத்துத் தூணைத் தட்டிக் காட்டினார்.

"இதையெல்லாம் இறக்குங்க. ஆத்துக்குக் குறுக்கே படுக்கப் போடுங்க."

கொத்தனார் திகைத்துப்போனார். "அய்யா, அப்ப வெளிச்சம் பாக்க வர்றவங்க எங்க உக்காருவாங்க?"

"அக்கரையில."