வல்லிக்கோட்டை ராஜாவுக்குப் பிரைவசி விளங்கிய விதம்

தபால் ஓட்டக்காரனின் ஈட்டிச் சலங்கைச் சத்தம் வேதகிரிப் பிள்ளைக்குக் கடைசிவரை மறக்கவில்லை. அது கேட்டாலே புழக்கடைப் பக்கம் நழுவப் பார்ப்பார். வல்லிக்கோட்டை அரண்மனைக்கு வரும் இங்கிலீஷ் கடிதங்களைத் தமிழில் சொல்லும் துபாஷி அவர். "எனக்கும் இங்கிலீஷுக்கும் தூரத்து உறவு. விசேஷத்துக்குத்தான் பார்த்துக்கொள்வோம்" என்று வீட்டில் அவரே சொல்வார்.

அன்று வந்தது கலெக்டர் துரையின் கடிதம். துரைசானியோடு மூன்று நாள் தங்க வருகிறாராம். துரைசானிக்கு ஒன்று அவசியம் வேண்டுமாம். அது இன்னது என்ற சொல் வரி ஓரத்தில் இடமில்லாமல் முறிந்து, சின்னக் கோட்டுக்குப் பின் அடுத்த வரியில் தொடர்ந்தது. பிள்ளை ஓலையில் படித்து வளர்ந்தவர். ஓலையில் சொல் முறிந்தால் கோடு போடுகிற வழக்கம் ஏது?

"துரைசானிக்கு 'பிரை' ஒன்று, 'வசி' ஒன்று வேண்டுமாம், மகாராஜா" என்றார்.

அரண்மனைச் சாமான்களைக் கவனிக்கும் உக்கிராணக்காரர் இரண்டையும் இரண்டு நாள் கடைகடையாகத் தேடினார். மூன்றாம் நாள், சென்னையில் படித்த நரசிங்க ராவ் அகராதியோடு சபைக்கு வந்தார். துபாஷி வேலைமேல் அவருக்கு நெடுநாளாகக் கண்.

"இரண்டல்ல, ஒரே சொல் மகாராஜா. இதோ, பிரை-வ-சி. எங்கே முறிக்கலாம் என்று அகராதியே கோடு போட்டிருக்கிறது. பொருள், பிறர் இல்லாமல் தனித்திருத்தல்."

ராஜா முகம் சுளித்தார். "பகைவன் வந்தால்கூடப் பேச்சுத் துணைக்கு ஆள் வைப்போமே. தனிமையை ஒருத்தி கேட்டு வாங்குவாளா? ஏன்?"

ராவ் பக்கத்தைப் புரட்டினார். அதற்குமேல் அதில் இல்லை.

"பிள்ளை, நீர் சொல்லும். எனக்கு விளங்கினால் வேலை உமக்கு. இல்லாவிட்டால் ராவுக்கு."

பிள்ளை ராஜாவைப் பார்த்தார். கவரி வீச இருவர், வெற்றிலை மடிக்க ஒருவர், எச்சில் துப்பும் படிக்கம் ஏந்த ஒருவர், சும்மா நிற்க எட்டுப் பேர். குளிக்கும்போதுகூட ராஜாவுக்கு நால்வர் துணை. தலைப்பாகைக்குள் அரித்தது போலும். ராஜாவின் விரல் மெல்ல எழுந்து, சபையைப் பார்த்துவிட்டு, மடிக்கே திரும்பியது.

"ஒரு நாழிகை எல்லோரும் வெளியே போகவேண்டும், மகாராஜா."

"நீருமா?"

"நானுந்தான். உள்ளே நின்று விளக்கினால் பொருள் கெட்டுவிடும்."

கதவைச் சாத்தினார்கள். ஒரு நாழிகை போயிற்று. இரண்டு போயிற்று.

"மூட்டை கட்டலாம், பிள்ளைவாள்" என்றார் ராவ்.

பிள்ளையும் மனத்துக்குள் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். நான்காம் நாழிகையில் கதவு ஒரு சாண் திறந்தது. தலைப்பாகை இல்லாத ராஜாவின் தலை தெரிந்தது.

"விளங்கிற்றா, மகாராஜா?"

"பாதிதான். மீதியைச் சாயங்காலம்வரை விளக்கும்" என்று சொல்லி ராஜா தாழைப் போட்டுக்கொண்டார். உள்ளே அவர் சிரிப்பது கேட்டது.

வேலையும் ஒரு பட்டுச் சால்வையும் பிள்ளைக்கே கிடைத்தன. ஏழாம் வருஷம் அவர் காய்ச்சலில் இறந்தார். அப்போது கட்டிலைச் சுற்றிப் பத்தொன்பது பேர் இருந்தார்கள்.